காதுகுத்து வளைவும் ராக்கெட்டுக் குழாயும்

கண்ணை மூடு செவ்வந்தி. மூடினாத்தான் கதை.

ஒரு ஊர்ல ஒரு லாரி டிரைவரு. யாரு, உங்கப்பாதான். ராக்கெட்டுக்கு அடியில மாட்டுற பெரிய குழாயை ஏத்திக்கிட்டு ரோட்டுல வந்தாரு. நம்ம வீடு மாதிரி மூணு வீட்டு நீளம். கொர்ர்ர்... கொர்ர்ர்னு ஊரும். நடந்து போறவன் முந்திட்டுப் போவான். ம் சொல்லு.

அன்னிக்கு உனக்குக் காதுகுத்து. "நம்ம ஊர் வழியாத்தான் போறேன் இசக்கி, ஊர் தாண்டி வண்டியை நிறுத்திட்டு முகூர்த்தத்துக்கு ஓடியாந்துருவேன்"னாரு. நானும் நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!

முதல்ல கரண்டு கம்பி குறுக்க வந்துச்சு. அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய லைன்மேன் டீ குடிக்கப் போயிட்டாரு. அப்புறம் ஒரு முக்குல எவனோ பைக்கை நட்ட நடுவுல நிறுத்திட்டு பரோட்டா தின்ன உக்காந்துட்டான். பாம்ம்ம்... பாம்ம்ம்... சால்னாவை வழிச்சு நக்கிட்டுத்தான் எந்திரிச்சு வந்தான்! ம்?

அப்போ நம்ம ஊரு வந்துச்சு. வந்தா, ரோட்டுக்குக் குறுக்க ஒரு வளைவு! சவுக்குக் கம்பு நட்டு, காதுகுத்து பேனர் கட்டியிருக்கு. அதுல உன் படம் சின்னது, கூலிங்கிளாஸ் போட்ட உன் தாய்மாமன் படம் பெருசு. என் தம்பி தவசிதான், வேற யாரு! அதுக்குள்ள குழாய் எப்படி நுழையும்?

"கழட்டுடா தவசி!"ன்னு உங்கப்பா கத்துறாரு. அவன் மேல ஏறி அவுக்குறான், அவுக்குறான்... அவன் போட்ட முடிச்சு அவனுக்கே அவுக்க வரல.

நேரம் ஓடுது. அப்பன் இல்லாம குத்த எனக்கு மனசில்ல. அப்பனோ நடுரோட்டுல நிக்கிற வண்டியை விட்டு நகரக்கூடாது. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! உன்னைத் தூக்கிக்கிட்டு, ஆசாரியைக் கையோட கூட்டிக்கிட்டு, விறுவிறுன்னு ரோட்டுக்கே வந்துட்டேன்.

மாமன் மடியில வச்சுத்தானே குத்தணும்? மாமன் வளைவு உச்சியில தொங்குறான்! "இறங்குடா!"ன்னேன். வண்டிக்குக் காவலா வந்த போலீஸ்காரரு தலையில அடிச்சுக்கிட்டாரு. "ஏம்மா, முதல்ல ராக்கெட்டா, காதா?"

"காது!"ன்னேன்.

இறங்கி வந்த மாமனைச் சக்கரத்துப் பக்கத்துலயே உக்கார வச்சு, அவன் மடியில உன்னை வச்சோம். நறுக். நறுக். நீ வீல்னு கத்தினே. அவ்வளவு பெரிய குழாயை அசராம இழுத்துட்டு வந்த மனுசன், உன் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு.

அப்புறம் வளைவைச் சாய்ச்சு வண்டிக்கு வழி விட்டோம். பிறகு ஒருநாள் அந்தக் குழாய் ராக்கெட்டோட விஷ்ஷ்ஷ்னு மேல போயி, வேலை முடிஞ்சதும் கடல்ல விழுந்துருச்சாம். ஊரையே நிக்க வச்சதுக்கு அவ்வளவுதான். தோட்டைத் தொட்டுப் பாரு. இருக்குல்ல?

உங்கப்பா இன்னிக்கும் ஒரு குழாயோட எங்கயோ நிக்கிறாரு. எவன் வளைவு கட்டித் தொலைச்சானோ! வந்துருவாரு.

குழாயும் போச்சு, கதையும் போச்சு, நீயும் தூங்கு.