ஆலா ஏன் தலையில் கொத்துகிறது

அந்தக் காலத்தில், பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசி வந்தபோது, கடல் நடுவே ஒரு மணல் தீவு இருந்தது. அதற்குக் காவலாக முத்திருளாயி என்ற பெண் தனியாகக் குடியிருந்தாள். வேற்று மனிதர்களைக் கண்டால் அவளுக்கு வார்த்தை வராது. பறவைகளிடமோ வாய் ஓயாது. விடிந்ததும் தீவைச் சுற்றி வருவாள். ஆமை கரையேறிய தடம், நண்டு தோண்டிய புது வளை, எல்லாவற்றையும் நின்று பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பாள்.

ஆலா என்னும் கடற்பறவைகள் அங்கே கூட்டமாக முட்டையிடும். அவை கூடு கட்டுவதில்லை. வெறும் மணலைக் காலால் கொஞ்சம் சீய்த்து, புள்ளி போட்ட முட்டையை இட்டுவிடும். முத்திருளாயி உட்கார்ந்தால் மடியில் ஏறி இறகு கோதும். "கொஞ்சம் பாத்துக்க அக்கா" என்று முட்டையை அவளிடம் விட்டுவிட்டு மீனுக்குப் போகும்.

ஒரு நாள் அவள் அண்ணன் கருமலையான் வள்ளத்தில் குடிதண்ணீர் கொண்டுவந்தான். தோளில் பானையோடு இறங்கியவன் கால் வைத்த இடத்தில் ஒரு முட்டை நொறுங்கியது.

"கண்ணு எங்கண்ணே இருக்கு?"

"பானைக்குப் பின்னாடி இருக்கு. முட்டையும் மணலும் ஒரே நிறமாக் கெடந்தா நான் பறந்தா வர முடியும்?"

அவன் சொல்வதும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. அன்றே தன் சிவப்புச் சேலையின் முந்தானையைக் கிழித்தாள். ஒவ்வொரு முட்டைக்குப் பக்கத்திலும் ஒரு சுள்ளியை நட்டு, நுனியில் துணியைக் கட்டினாள். தீவு திருவிழாக் களை கட்டியது. ஆலாக்களுக்கும் பெருமை தாங்கவில்லை. என் கொடிதான் உசரம், உன் கொடி குட்டை என்று ஒரே சண்டை.

அடுத்த முறை வள்ளத்தின் பாய்மரத்தில் ஒரு காகமும் வந்தது. முன்பும் வந்திருக்கிறது. எது முட்டை, எது கல் என்று தெரியாமல் பசியோடு திரும்பியிருக்கிறது. இப்போது, ஆலாக்கள் மீனுக்குப் போயிருந்த நேரத்தில், கொடி கொடியாகப் போனது. முத்திருளாயி பானையைக் குடிசையில் இறக்கிவைத்துவிட்டு வருவதற்குள் பாதி முட்டைகள் வெறும் ஓடுகளாகக் கிடந்தன.

அவள் கல்லெடுத்தாள்.

"என்னை ஏன் அடிக்க வர்ற? இலை போட்டு இடம் காட்டினது நீதான?" என்றது காகம். "நாளைக்குச் சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வர்றேன்."

திரும்பி வந்த ஆலாக்கள் அவளைக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. ஒன்று வழக்கம்போல அவள் மடியில் ஏற வந்தது. அவள் எழுந்துகொண்டாள்.

"இனி மடிக்கு வராத."

"நீ வேணும்னேயா செஞ்ச, அக்கா?"

"ஆசையிலதான் செஞ்சேன். அதான் பயமா இருக்கு. திருட வர்றவனை உங்களுக்கே தெரியும். என்னை மாதிரி ஒருத்தி வந்தா தெரியாது. யாரு வந்தாலும் தலையில கொத்துங்க. மொதல்ல என்னைக் கொத்து."

ஆலா தயங்கியது. அவள் முட்டைப் பக்கம் ஓரடி வைத்தாள். பிறகு இன்னோர் அடி. ஆலா கண்ணை மூடிக்கொண்டு எழும்பி அவள் உச்சியில் கொத்தியது.

"இது கொத்தா? தலையில பூ வச்சு விடுற மாதிரி இருக்கு. பலமா."

அவள் சுள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க, கூட்டமே அவள் தலைமேல் இறங்கியது. நெற்றியில் ரத்தம் வழியக் கண்ட கருமலையான், "என்ன புள்ள, நன்றி கெட்டதுகளா இருக்கு" என்றான்.

"நல்லாக் கொத்துதுங்கண்ணே" என்றாள் அவள், பிள்ளை முதலடி வைத்ததைப் பார்த்த தாய் போல.

மறுநாள் காகங்கள் கூட்டமாக வந்தபோது மணலில் ஒரு கொடியும் இல்லை. அவள் தலையில் பழகிய அலகுகள்தான் காத்திருந்தன.

அன்று முதல்தான், முட்டையிடும் காலத்தில் திருட வந்தவர், ஆசையாய்ப் பார்க்க வந்தவர் என்று பாராமல் ஆலா எல்லோர் தலையிலும் கொத்துகிறது. அதை நேசிப்பவர்கள் ஓலைக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.