நிறுத்தும் முறை

ரேடியோ பழுது பார்த்தே அறுபதைத் தொட்டவர் சந்தியாகு. கணினியைத் தானாகப் படித்தவர். மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களின் இடத்தைப் படகுக்காரர்கள் குறித்துவைக்க ஒரு பெட்டி செய்தார். குறித்ததைப் பெட்டி எங்கே, எப்படி எழுதிக்கொள்ளும் என்பதும் அவர் கைவேலைதான். அதில் அவருக்குத் தலை கொள்ளாத பெருமை.

முதல் வாரமே படகுக்காரர் சேசடிமையின் பெட்டி செத்தது. அவர் குறித்திருந்த நாற்பது பார்களும் குப்பை எழுத்தாயின. ஒரு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் எல்லாப் பெட்டிகளையும் திருப்பித் தந்துவிடுவோம் என்றது மீனவர் சங்கம்.

சந்தியாகு, சந்தேகம் வந்தால் கேட்கும் தன் குருவிடம் போனார். குரு பொற்செல்வி, பாலிடெக்னிக் ஆசிரியை, அவர் வயதில் பாதி. கூடவே சேசடிமையும் வந்தார்.

“தப்பு இவன் மேல டீச்சர். பெட்டி மேலயே ‘நிறுத்தும் முறை’ன்னு நாலு வரி ஒட்டியிருக்கேன். இவன் ஒயரைப் பிடுங்கியிருக்கான்.”

“அலை தூக்கிப் போடும்போது எவன்யா நாலு வரி படிப்பான்?”

மறுநாள் காலை பொற்செல்வி சேசடிமையையும் அழைத்துக்கொண்டு சந்தியாகுவின் கடைக்கே வந்தாள். சுவரில் உதிரிபாகங்கள் நிறைந்த இருபது இழுப்பறைகள்.

“அண்ணாச்சி, இதையெல்லாம் உங்களுக்குத் தோதா மாத்தி அடுக்குங்க.”

பாதி வேலையில் அவரை வெளியே அழைத்தாள். “சேசடிமையண்ணே, மிச்சத்த நீங்க முடிங்க.”

சேசடிமை மேசையில் கிடந்த குவியலைப் பார்த்தார். “எது எங்க போகணும்னு அவரு மண்டைக்குள்ளல்லா இருக்கு?”

“லேய், திருகாணி ஏழாவது...”

“பேசக்கூடாது அண்ணாச்சி. இப்ப நீங்கதான் பெட்டி. கரண்ட் போயிருச்சு.”

சந்தியாகு போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். மறுபடி அடுக்கும்போது, கை வைக்குமுன் இரண்டு மூன்று வரி சேர்த்து எழுதினார்: ‘திருகாணி ஏழில். ஃபியூஸ் மூன்றில்.’ ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்த வரியைக் கோடிட்டு அடித்தார்.

ஒரு வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே பொற்செல்வி பேனாவைப் பிடுங்கினாள்.

சேசடிமை நோட்டைப் புரட்டினார். அடிக்காத வரிகளைப் படித்து, அதன்படி அடுக்கினார். கடைசி வரியில் விரல் நின்றது.

“இது பாதியில நிக்கி. புள்ளி இல்ல. அப்ப அந்த அறையில இவரு கையே வைக்கல. இருந்தபடி இருக்கட்டும்.”

சந்தியாகு நேரே கணினி முன் போய் உட்கார்ந்தார்.

நான்கு நாட்கள். ஐந்தாம் நாள் சேசடிமை வந்து ஆசை தீர ஒயரைப் பிடுங்கினார். நூறு தடவை. ஒவ்வொரு தடவையும் பெட்டி எழுந்து, முன்கூட்டி எழுதிவைத்த தன் நோட்டைத் தானே படித்து, மறுபடி ஏற்றிய நாற்பது பார்களையும் காட்டியது.

சங்கத்தில் பெட்டியை வைக்குமுன் சந்தியாகு அந்த நாலு வரித் தாளைக் கிழித்தெறிந்தார்.

“அட, இனி எப்படி நிறுத்தணும்?” என்றார் தலைவர்.

சந்தியாகு குருவைப் பார்த்தார்.

“இஷ்டம்போல பிடுங்குங்க,” என்றாள் பொற்செல்வி. “அது அண்ணாச்சி செஞ்ச பெட்டி.”