ஏழு புற்று எண்ணிய குரங்கு

காட்டோரப் புல்வெளியில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நாவல் மரத்தின் உச்சியில் வாலாண்டி என்ற குரங்கு காவல் இருந்தது. சிறுத்தை தென்பட்டால் அது கத்தும், மான்கள் ஓடும். பல வருஷமாக இதுதான் ஏற்பாடு.

ஆனால் வாலாண்டிக்கு வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது. அதைச் சொன்னால்தான் அதற்குப் பொத்துக்கொண்டு கோபம் வருமே!

ஒருநாள் பட்டுப்போன மரக்கட்டையைப் பார்த்து, "வாங்க கரடியாரே, சௌக்கியமா?" என்று கேட்டது.

கீழே மேய்ந்த சாமந்தி என்ற மான் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "அண்ணே, அது கட்டை!"

"தெரியும்! கட்டைக்கும் மரியாதை கொடுக்கிறவன் நான்!"

மறுநாள் பழம் என்று நினைத்துக் குளவிக்கூட்டில் கையை விட்டது. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

"அண்ணே, கண்ணைக் காட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று சாமந்தி கெஞ்சியது.

"வருஷா வருஷம் நாரை வைத்தியர் பார்க்கிறாரே! ஒரு தடவையாவது தப்பாச் சொல்லியிருக்கேனா?"

அது உண்மைதான். காவல் குரங்குக்கு வருஷம் ஒருமுறை கண் சோதனை உண்டு. நாரை வைத்தியர் வருவார், "எதிரே எத்தனை கரையான் புற்று தெரியுது?" என்று கேட்பார். "ஏழு!" என்று வாலாண்டி சொல்லும். "பலே!" என்று சொல்லிவிட்டு நாரை மீன் பிடிக்கப் போய்விடும். கண் நன்றாக இருந்த காலத்தில் எண்ணியதை வாலாண்டி மனப்பாடம் செய்து வைத்திருந்தது. நாலு வருஷமாக அதற்கு ஒரு புற்றுகூடத் தெரியாது. கேள்வியை மாற்ற வேண்டும் என்று அந்த நாரைக்கும் தோன்றவில்லை. இவர்களை வைத்துக்கொண்டு ஒரு காடு என்னதான் செய்யும்!

அந்த வருஷம் ஐந்து நாள் அடைமழை. மழை விட்ட காலையில் சாமந்தி தன் குட்டியோடு வந்தது. குட்டி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வைத்தியரே 'பலே' சொன்ன கண்ணாயிற்றே என்று நம்பி அது வாலாண்டியிடம் கேட்டது.

"அண்ணே, புற்றுப் பக்கம் புல் நல்லா இருக்கு. குட்டியை அங்கே படுக்க வைக்கப் போறேன். நல்லாப் பார்த்துச் சொல்லுங்க, ஏதாவது இருக்கா?"

வாலாண்டி கண்ணைக் கசக்கியது. எங்கும் ஒரே மங்கல்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏழு புற்று! வேறே ஒண்ணுமில்லே! தைரியமாப் போ!"

குட்டி புல்லுக்குள் போய்ப் படுத்தது. திரும்பிய சாமந்தி சட்டென்று நின்றது.

"ஏழா? மூணு புற்று மழையிலே கரைஞ்சு போச்சே! நேத்து அந்தச் சேற்றை மிதிச்சுக்கிட்டுத்தானே வந்தேன்? நீங்க எதைப் பார்த்து ஏழுன்னு சொன்னீங்க?"

அப்போது காற்று திரும்பியது. சிறுத்தையின் வாடை!

"ஓடு கண்ணு, ஓடு!" என்று சாமந்தி அலறியது.

புற்றுகளுக்கு நடுவே பதுங்கியிருந்த சிறுத்தை பாய்ந்தது. குட்டி துள்ளியது. உயிர் தப்பியது, ஆனால் பின்னங்கால் கிழிந்துவிட்டது. மான்கள் எல்லாம் சேர்ந்து கத்தியதால் சிறுத்தை காட்டுக்குள் ஓடியது.

சத்தம் கேட்டு நாரை பறந்து வந்தது. வாலாண்டி மரத்தை விட்டு இறங்கி ஓவென்று அழுதது.

"நாலு வருஷமா எனக்கு எதுவும் தெரியலே வைத்தியரே! காவலை விட்டுத் தள்ளிடுவாங்கன்னு பயந்து மறைச்சேன்!"

நாரைக்கும் வெட்கமாகிவிட்டது. "நானும் ஒரே கேள்வியைத்தானே கேட்டேன்! முதல்லேயே சொல்லியிருந்தா ஏதாவது பார்த்திருக்கலாம். உச்சி வெயிலைப் பார்த்துக்கிட்டு உட்காராதே. கண்ணைக் கசக்காதே. பொன்னாங்கண்ணிக் கீரை தின்னு. ஆனா கீரை தின்னாச்சுன்னு சும்மா இருந்துடாதே. பருவத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டு!"

மரத்தின் உச்சிக்கு வேறொரு குரங்கு வந்தது. வாலாண்டியை யாரும் துரத்தவில்லை. காதும் தொண்டையும் நன்றாகத்தானே இருந்தன! கீழ்க்கிளையில் உட்கார்ந்து, சருகு சலசலத்தாலும் குரல் கொடுத்தது.

"அங்கே ஏதோ அசையுது! என்னன்னு எனக்குத் தெரியலே! யாராவது பாருங்க!"

சாமந்தி நொண்டி நடக்கும் குட்டியைப் பார்த்தது. பிறகு வாலாண்டியை நிமிர்ந்து பார்த்தது.

"தெரியலேங்கிற இந்த ஒரு வார்த்தையை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா அண்ணே!"

வயதாக ஆகக் கண்ணைத் தவறாமல் காட்டிக்கொள்ள வேண்டும். தெரியாததைத் தெரிகிறது என்று சொன்னால், அடிபடுவது நம்மை நம்பியவர்கள்தான்.