சுயம்புலிங்கம் காத்திருந்த லேப்டாப்

தூத்துக்குடியில் கேம் ஆடச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் ஒருத்தி இருந்தாள். பேர் ரெனிட்டா. வயசு இருபத்து மூன்று. பேன்சி கடைக்கு மேலே ஒரு மாடி ரூம், ஆறு மேஜை, ஆறு நாற்காலி. அவ்வளவுதான் அவள் பள்ளிக்கூடம்.

அவளிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் சுயம்புலிங்கம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வயசு நாற்பத்தாறு. மற்றதெல்லாம் காலேஜ் பிள்ளைகள்.

தெருவில் ரெனிட்டாவைப் பார்த்தால், "என்னம்மா, சாப்பிட்டியா?" என்பார். மாடி ஏறிச் செருப்பைக் கழற்றிவிட்டால் அவள் மாஸ்டர். அப்புறம் "நீங்க"தான். அதில் ஒரு நாளும் அவர் தவறினதில்லை.

அவருக்கு ஒரு மனக்கஷ்டம் இருந்தது. போன வருசம் கோவில்பட்டியில் கல்யாண மண்டபத்தில் ஒரு போட்டி. நாலு பேர் சேர்ந்து கோட்டை பிடிக்கிற ஆட்டம். இவர்தான் வாசல் காவல். கிரேனில் உட்கார்ந்து பழகிய கை, நடுங்காது. ரெண்டு சுற்று ஜெயித்தாயிற்று. மூன்றாவது சுற்றில், எதிரி டீமில் ஒரே ஒரு ஆள் பாக்கி என்கிறபோது, இவர் லேப்டாப் கறுத்துப்போய்விட்டது.

மண்டபத்தில் கரண்ட் இருக்கிறது. சார்ஜர் சொருகியிருக்கிறது. இவருடையது மட்டும் செத்துக் கிடக்கிறது. பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். அதற்குள் கோட்டை போய்விட்டது.

கூட ஆடினவர்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வயரைப் பிடுங்கினார், அடாப்டரை வெறுங்கையால் எடுத்துப் பையில் போட்டார், பஸ் ஏறி வந்துவிட்டார். வீட்டில் வந்து சார்ஜர் சொருகிப் போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது.

அன்றோடு அதன்மேல் நம்பிக்கை போயிற்று. புதுசு வாங்கித்தான் இனி ஆட்டம் என்று தீர்மானம் செய்தார்.

தீபாவளிக்கு ஒன்று வந்தது. வாங்கக் கிளம்பினார். பொங்கலுக்கு இதைவிட வேகமான பிராசசரோடு வருகிறது என்றார்கள். நின்றுவிட்டார். பொங்கலுக்கு அது வந்தது. சித்திரை கழிந்ததும் அடுத்த தலைமுறை பிராசசர் வருகிறது, பேட்டரி பத்து மணி நேரம் நிற்கும் என்றார்கள். மறுபடியும் நின்றுவிட்டார். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கிரேன் மேலேயே அதன் வீடியோவைப் பார்ப்பார். இன்னும் பிறக்காத லேப்டாப் எத்தனை கிலோ என்று யார் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

மாடிக்கு மட்டும் தவறாமல் வருவார். ஆட மாட்டார். பிள்ளைகள் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

இப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை பழைய டீமின் கேப்டன் கிளாட்வின் போனில் செய்தி அனுப்பினான்.

"அண்ணாச்சி, அடுத்த வாரப் போட்டிக்கு அஞ்சு மணிக்குள்ள நாலு பேர் பேரும் குடுக்கணும். நீங்க வந்தாத்தான் எங்களுக்கு நல்லது. இல்லன்னா வேற ஆளப் போட்டுருதோம். கோவிச்சுக்கிடாதீங்க."

அதைப் படித்துக்கொண்டேதான் மாடி ஏறினார். பிள்ளைகளுக்குப் பரீட்சை, யாரும் இல்லை. மாஸ்டர் மட்டும் ஒரு மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"அடுத்த மாசம் வாறது பத்து மணி நேரம் நிக்கும்ங்கான். நெசமா நிக்குமா?"

"ஒங்களது எவ்வளவு நேரம் நிக்கும்?"

"இதுவா? சார்ஜர் சொருகி இருக்கும்போதே செத்த சாமான் மாஸ்டர் இது. சார்ஜர் இல்லன்னா ரெண்டு நிமிசம் தாங்காது."

"பாத்திருக்கீயளா?"

"தனியா வேற பாக்கணுமாக்கும். கோவில்பட்டியில மண்டபமே பாத்துச்சே."

"பையில இருக்கா?"

"இருக்கு. பழக்கத்துக்குச் சுமந்துக்கிட்டு அலையுதேன்."

"எடுங்க."

எடுத்தார். அடாப்டரை எடுத்தார். அதற்கென்றே ஒரு எவர்சில்வர் தட்டும் எடுத்தார். அந்த அடாப்டர் செங்கல் கனம். ஆட ஆரம்பித்தால் தோசைக்கல் மாதிரிக் கொதிக்கும். ஆட்டம் முடிந்து கால் மணி நேரம் தட்டில் ஆறப்போட்டால்தான் தொட முடியும். "ரெண்டு முட்டைய ஒடச்சு ஊத்துங்க அண்ணாச்சி" என்று பிள்ளைகள் கேலி பண்ணுவார்கள்.

தரையோரம் இருந்த பிளக்கில் சொருகி, சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மாஸ்டர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கீபோர்டு என்ன, திருவிழாச் சப்பரம் மாதிரி எரியுது?"

"வாங்கும்போதே அப்படித்தான் எரிஞ்சுது."

"வேணுமா?"

"நான் எங்க கீபோர்டைப் பாக்கேன்? வெரலுக்குத் தெரியும்."

விளக்கை அணைத்தாள். இன்னும் என்னென்னவோ தட்டினாள். திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

"மூணு சுத்து ஆடுங்க."

"கிளாட்வினுக்குப் பதில் சொல்லணும் மாஸ்டர். மணி நாலாச்சு."

"ஆடிட்டுச் சொல்லுங்க."

மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். ஹெட்போனை மாட்டினார். முதலில் ஆட்டத்தில் புத்தி போகவில்லை. இப்போ கறுக்கும், இப்போ கறுக்கும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் எழுந்து சுவர்ப்பக்கம் போய் வந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

வாசலில் முதல் ஆள் வந்தான். பிடித்தார். அப்புறம் திரை மறந்தது, கோவில்பட்டி மறந்தது, பசிகூட மறந்தது. கோட்டையும் வாசலும்தான் மிச்சம். எத்தனையோ மாதம் கழித்து ஆடுகிற ஆள் மாதிரி இல்லை. மூன்று சுற்றும் முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மாஸ்டர், இன்னைக்கு நல்ல பிள்ளையா ஓடுது. பேன் எரைச்சல்கூடக் கம்மி. சார்ஜ் நல்லா ஏறியிருக்கும் போல."

"அடாப்டரை எடுத்துப் பையில வைங்க."

"இப்பவா? கை வெந்துரும்."

"எடுங்க."

தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தார். தொட்டார். துண்டை உதறிவிட்டு வெறுங்கையால் தொட்டார். தண்ணிக்குள் கிடந்த கல் மாதிரி இருந்தது.

அப்படியே தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். சுவிட்ச் அணைந்திருந்தது.

"எப்ப அணைச்சீய?"

"நீங்க மொத ஆளைப் பிடிக்கதுக்கு முன்னாடி."

சுயம்புலிங்கம் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையில் அந்தக் குளிர்ச்சி ஏற ஏற, அவருக்கு இன்னொரு நாள் ஞாபகம் வந்தது.

"கோவில்பட்டியில..." என்றார்.

"ம்."

"செத்த ஒடனே கோவத்துல இத எடுத்துப் பையில போட்டேன். தட்டு இல்ல, துண்டு இல்ல."

மாஸ்டர் இன்னொரு மவுஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அன்னைக்கும் அது சுடல மாஸ்டர்."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மேசைக்கு அடியில குனிஞ்சு சொருகுனேன். அந்த நேரம் பாத்து மைக்குல எங்க டீம் பேரக் கூப்பிட்டான். அப்படியே எந்திரிச்சுட்டேன். சுவிட்சு போடல. போடவே இல்ல."

"ம்."

"அப்ப முக்கா மணி நேரம் அது வெறும் பேட்டரியிலயா ஓடுச்சு? அத்தனை லைட்டையும் எரிச்சுக்கிட்டு?"

"ரெண்டு சுத்து அதுலதான் ஜெயிச்சிருக்கீய."

அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு வயிறு குலுங்க வந்தது. கிரேனில் தூக்கின பெரிய பெட்டி லாரியில் உட்கார்ந்ததும், அதுவரை விறைத்து நின்ற கம்பி தளரும் பாருங்கள், அப்படித் தளர்ந்தது அவருக்கு. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணியைப் பார்த்தார். அஞ்சுக்குப் பத்து நிமிசம்.

"வாறேன். பேரு குடு" என்று கிளாட்வினுக்கு அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. "லேப்டாப் வந்துட்டா அண்ணாச்சி?"

"வந்துட்டு" என்று அனுப்பினார்.

லேப்டாப்பைத் துடைத்துப் பையில் வைத்தார். அடாப்டரை வைத்தார். தட்டையும் வைத்தார். வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினார். கேட்க ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கழற்றிவிட்டு ரூமுக்குள் திரும்பி வந்தார்.

"அப்ப அடுத்த மாசம் வாறது எனக்கு வேண்டாம்ங்கீயளா மாஸ்டர்?"

ரெனிட்டா மவுஸைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"வாங்குங்க அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்கும். அதுக்கும் சுவிட்சு சுவத்துலதான் இருக்கும்."