இரண்டு திருப்பத்தூர்

வியாழன் காலை பதினொன்று இருபது. மேற்கிலிருந்து வந்த வண்டியில் நூற்றுப் பதினான்கு தபால் பைகள். எண்ணி வாங்கியவர் தணிகாசலம்.

பட்டணத்துப் பெரிய ஸ்டேஷனில், பிளாட்பாரத்தை ஒட்டியிருந்த தபால் பிரிக்கும் அலுவலகத்துக்கு அவர் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வயது நாற்பத்தெட்டு. அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த குணசுந்தரிக்கு முப்பத்தாறு. பைகளில் ஊர்ப்பெயர் எழுதுகிற சாக்பீஸ் எப்போதும் கையில் இருந்ததால் எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். தணிகாசலமும் அப்படியே கூப்பிட்டார்.

ஜன்னலில் ஓர் இளைஞன் ரசீதை நீட்டினான். பெயர் பலராமன், ஊர் திருப்பத்தூர்.

“எங்கண்ணன் பேருக்கு இங்கேருந்து அனுப்பின பார்சல். ஆறு நாளாச்சு, வரல சார்.”

“உள்ளே என்ன?”

“கால்.”

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார்.

“மரக்கால் சார். இங்க ஒரு பட்டறையில அளவெடுத்துச் செஞ்சது. அண்ணனுக்கு மர டிப்போவுல காவல் வேலை சொல்லியிருக்காங்க. திங்கட்கிழமை பத்து மணிக்கு டாக்டர் முன்னால நின்னு, நடந்து காட்டணும். இல்லேன்னா வேற ஆளு.”

குணசுந்தரி பழைய பட்டியல்களைப் புரட்டினாள். பார்சல் தெற்கு வண்டியில் போயிருந்தது. பட்டியலில் இருந்தது தணிகாசலத்தின் கையெழுத்து. பலராமனின் திருப்பத்தூர் வட ஆற்காட்டில். பார்சல் போனது ராமநாதபுரம் ஜில்லாவில் இருக்கும் இன்னொரு திருப்பத்தூருக்கு.

பை தூக்கும் தொழிலாளி இருதயம் எட்டிப் பார்த்தார். “உடம்பு ஒரு ஜில்லாவுல உக்காந்திருக்கு. கால் மட்டும் ராமேஸ்வரம் யாத்திரை கிளம்பிடுச்சா!”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். “அனுப்பின பட்டறைக்காரன் ஜில்லா போடல டீச்சர். வெறும் திருப்பத்தூர்னா நான் என்ன பண்ணுவேன்? இது யார் தப்பு?”

“அந்த ஊர்ப் பையெல்லாம் காரைக்குடியிலதான் இறங்கும். அங்கே தந்தி எழுதுங்க சார். பார்சல் நம்பரை ரெண்டு தடவை எழுதுங்க.”

அவர் எழுதினார்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. மனைவி இந்த ஊரில் நர்ஸ். பதினோரு வருஷம் மனுப் போட்டு வாங்கிய மாற்றல். சேர்ந்த ஆறு மாதத்துக்குள் அவர் பெயரில் ஒரு பிழை பதிவானால் பழைய ஊருக்கே திருப்பிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. பார்சல் அந்தத் திருப்பத்தூர் தபாலாபீசில் கிடக்கிறது. அந்தப் பெயரில் ஆள் இல்லை. ஏழு நாள் வைத்திருந்துதான் திருப்புவார்கள்.

“பார்த்தீங்களா, அவங்களாவது உடனே திருப்பியிருக்கலாம்ல?” என்றார் தணிகாசலம். “இதுல யார் தப்பு அதிகம்?”

“டிரங்க் கால் போடுங்க. போஸ்ட்மாஸ்டர் சாப்பிடப் போறதுக்குள்ள பிடிக்கணும்.”

இரண்டரை மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. போஸ்ட்மாஸ்டர் முதலில் விதியைச் சொன்னார். குணசுந்தரி போனை வாங்கி, “விதி சரிங்க. அந்தப் பார்சலை ஒரு தடவை கையில எடுத்துப் பாருங்க,” என்றாள். மறுமுனையில் சாக்கு உரசும் சத்தம் கேட்டது. பிறகு அவர், பஸ்ஸில் காரைக்குடிக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை வந்த தெற்கு வண்டியில் பார்சல் இல்லை. அறுபத்தேழு பைகளையும் அவிழ்த்துப் பார்த்தார்கள். தணிகாசலத்தின் விரல்களில் சணல் கயிறு அறுத்திருந்தது. பலராமன் மூன்றாவது நாளாக பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு டீ வாங்கிக்கொடுத்த இருதயம், “நாளைக்கு வந்துரும்பா,” என்றார். அப்படிச் சொல்ல அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை.

தணிகாசலம் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். “மூணு நாளா கேக்கறேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறீங்க, டீச்சர்.”

“நாளைக்கு எனக்கு லீவு. நான் வரேன். நீங்க?”

“வரேன்.”

ஞாயிறு காலை ஒன்பதுக்கு தெற்கு வண்டி வந்தது. முதல் பை இறங்குவதற்கு முன்பே வண்டியிலிருந்த ஊழியர் நீளமான சாக்குக் கட்டு ஒன்றைக் கையில் நீட்டினார். “இதுக்காகத்தானே தந்தியும் போனும்? ராத்திரி பூரா பக்கத்துல வச்சுக்கிட்டு வந்தேன்.”

பலராமன் சாக்கின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தான். பாலிஷ் போட்ட குதிகால் தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அதைத் தோளில் சாத்திக்கொண்டு மேற்கு வண்டிக்கு ஓடினான். நன்றி சொல்ல மறந்துவிட்டான்.

வண்டி கிளம்பும் வரை இருவரும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். பிறகு அறைக்குத் திரும்பினார்கள். குணசுந்தரி செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களை ஒரு காலிப் பையின் மேல் வைத்துக்கொண்டாள். மேஜையில் பிழை அறிக்கைப் படிவம் இருந்தது. ‘தவறு செய்தவர்’ என்ற இடம் காலி.

“யார் தப்புன்னு கேட்டுட்டே இருந்தீங்களே சார்,” என்றாள். “இப்போ நேரம் இருக்கு. கேளுங்க.”

தணிகாசலம் கேட்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

சில வாரங்கள் கழித்து, 1975 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை, அவர் பழைய ஊர் தபாலாபீசில் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தார்.