ஞாயிற்றுக்கிழமை ஜலதோஷம்

"'உன்கூட உட்கார்ந்து படம் பார்க்கிறதுக்கு, வீட்டுல கிரிக்கெட் கமென்டரி கேட்கலாம். இனிமே நீ தனியாவே போ.' இதான் மாதாஜி, என் வீட்டுக்காரர் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை."

ஆசிரமத்துச் சமையற்கட்டில் சௌந்தரி கீரையை ஆயவில்லை, பிய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த மாதாஜி அவளைவிடப் பத்து வயது சின்னவர். குரு என்று வந்துவிட்ட பிறகு வயதாவது ஒன்றாவது?

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு படம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாசலைத் தாண்டுறதே அதுக்குத்தான். அதுவும் போச்சுன்னா என்ன இருக்கு? நீங்க சொன்னா கேட்பார்."

"அப்படி என்னதான் பேசினீங்க?"

"உள்ளதைத்தான். பேய்ப் படத்துல பேய் தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு வருது. புருவம் மட்டும் நேத்து பார்லர் போய்ட்டு வந்த மாதிரி. சொல்லாம இருக்க முடியுமா?"

"முடியாதுதான்."

"சண்டைப் படத்துல ஒரே குத்துக்கு ஒன்பது பேர் பறக்கிறான். எங்க கான்வென்ட் ஃபிசிக்ஸ் சிஸ்டர் பார்த்திருந்தா டைரக்டரை முட்டி போட வச்சிருப்பாங்க."

மாதாஜி சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கீரை சிதறியது. சௌந்தரிக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"போன வாரம் அழுகைப் படம். அண்ணன்கிட்ட சண்டை போட்டுக்கிட்டு தம்பி ஊரை விட்டே போறான். அண்ணன் மனசு மாறி ஸ்டேஷனுக்கு ஓடி வரான். ரயில் போயிடுச்சு. பிளாட்பாரத்துல உட்கார்ந்து அழறான், அழறான், அப்படி அழறான். 'பாக்கெட்லதான் செல்போன் இருக்கே, அடிச்சுத் தொலையேன்'னேன். முன் வரிசையே திரும்பிப் பார்த்துச் சிரிச்சுது."

"அவரும் சிரிச்சாரா?"

"அவர் எங்கே? கர்ச்சீப்பும் கையுமா உட்கார்ந்திருந்தார். திடீர்னு ஜலதோஷமாம்."

"வீட்டுக்கு வந்து கஷாயம் வச்சுக் கொடுத்தீங்களா?"

"வேண்டாம், சரியாப் போச்சுன்னுட்டார்."

"அவருக்குக் கூடப் பிறந்தவங்க?"

"ஒரே தம்பி. நாக்பூர்ல இருக்கார். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அது பழைய..."

சௌந்தரி நிறுத்தினாள். அவள் பேச்சு பாதியில் நின்று அந்த ஆசிரமத்தில் யாரும் பார்த்ததில்லை.

மாதாஜி இன்னொரு கீரைக் கட்டைப் பிரித்தார்.

"அந்த ஸ்டேஷன் சீனை எனக்கு இன்னொரு தரம் சொல்லுங்களேன்," என்றார். "இந்தத் தடவை அவர் உட்கார்ந்திருந்த சீட்டுல உட்கார்ந்து."