மேலே வைத்த பிளக் பாயிண்ட்

ஏகாம்பரம் யோசனை கேட்கத்தான் மடத்துக்குப் போவதாக மனைவிக்குப் போனில் சொன்னார். உண்மையில் யோசனையை வீட்டிலேயே முடித்துவிட்டு, அதற்கு ஒரு ஆசி வாங்கத்தான் பஸ் ஏறினார். சாமியாரிடம் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ரகம்தான்.

சாமிக்கு வயது நாற்பத்தைந்து. சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு. ஐந்து வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, சாமி பேசுவதை எல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். 'உண்மை' என்ற சொல்லுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார்.

சாமி மடத்துக் கூடத்தில் உட்கார்ந்து மதியச் சமையலுக்கு அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டை வித்துடலாம்னு இருக்கேன் சாமி. ரெண்டு புரோக்கர் வந்து பாத்தாங்க. யார்கிட்ட குடுக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

சட்டைப்பையிலிருந்து இரண்டு விசிட்டிங் கார்டுகளை எடுத்துப் பாயில் வைத்தார். ஒன்று தடித்த பளபளப்பான கார்டு. இன்னொன்று ஜெராக்ஸ் கடையில் அடித்தது, ஓரம் மடங்கியிருந்தது.

"வீட்டம்மா எப்படி இருக்காங்க?" என்றார் சாமி.

"கஸ்தூரி, பொண்ணு வீட்டுக்குப் போய் நாலு மாசம் ஆச்சு சாமி. வீட்டை விக்கிற வரைக்கும் வரமாட்டேங்கறா. மழைன்னா அவளுக்குப் பயம்."

எதனால் பயம் என்று சாமி கேட்கவில்லை. ஏகாம்பரமும் சொல்லவில்லை. அவருடைய வீடு ஏரிக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது.

"இவர் எப்படி?" சாமி பளபளப்பான கார்டைக் காட்டினார்.

ஏகாம்பரத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஜெயசீலன். மெயின் ரோட்டுல கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ். பயங்கர கெட்டிக்காரர் சாமி. ஹால் சுவருக்குக் கீழ்ப்பாதி மட்டும் டார்க் கலர் அடிச்சிடுங்க, டிசைன் மாதிரி இருக்கும்னார். வீட்டைச் சித்திரை வெயில்லதான் காட்டணும், ஐப்பசி வந்தா வாசலைப் பூட்டிடணும்னார். கைக்குழந்தையோட ஒரு வாத்தியார் குடும்பம் ரெடியா இருக்காம். நாளைக்கு நான் அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டா, ஞாயித்துக்கிழமை அவங்களைக் கூட்டிட்டு வந்துடுவார்."

"இவங்க?"

"அந்தப் பொம்பளை சரிப்படாது சாமி. மரகதமோ என்னமோ பேரு. ஆபீஸ் கிடையாது, ஒரு குடை, ஒரு தோள்பை, அவ்வளவுதான். வாய் வேற ஜாஸ்தி."

"என்ன பேசினாங்க?"

"ஏதோ கேட்டுச்சு. விடுங்க சாமி."

சாமி விட்டுவிட்டார். ஏகாம்பரத்தின் மனசுதான் விடவில்லை.

மரகதம் வந்தது ஒரு திங்கட்கிழமை. தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஹாலில் சுவர் ஓரமாக நடந்தவர் சட்டென்று நின்றார்.

"பிளக் பாயிண்ட் எல்லாம் ஏன் சார் இவ்வளவு மேல இருக்கு?"

தண்ணீர்க் கறை தெரியாமல் சுவருக்கு வெள்ளையடித்த ஏகாம்பரம் பிளக் பாயிண்டை மறந்துபோனார். ஏரியைத் திறந்துவிட்டுத் தெருவெல்லாம் வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகு எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எல்லாவற்றையும் மேலே ஏற்றி வைத்தவரும் அவர்தான்.

"குழந்தைங்க கை வைக்கக் கூடாதுன்னு" என்றார். அந்த வீட்டில் குழந்தை தவழ்ந்து இருபது வருஷம் இருக்கும்.

மரகதம் சிரிக்கவில்லை. நிதானமாகத்தான் கேட்டார். "தண்ணி எது வரைக்கும் வந்துச்சு சார்?"

அவ்வளவுதான். ஏகாம்பரத்துக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "வீட்டை விக்க வந்தியா, கெடுக்க வந்தியா? இந்தத் தெருவுல ஒரு சொட்டுத் தண்ணி நின்னதில்ல, தெரியுமா?" என்று ஆரம்பித்தவர் கேட் வரைக்கும் கத்திக்கொண்டே போனார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரில் நடந்தவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மரகதம் குடையை எடுத்துக்கொண்டு, "கேக்க வேண்டியது என் வேலை சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல் கட்டையில் அவர் வைத்த கார்டு அங்கேயே கிடந்தது. அதை ஏன் கிழித்துப் போடவில்லை என்று ஏகாம்பரத்துக்கே தெரியாது.

"சரி, உங்க விஷயத்தை அப்புறம் பாக்கலாம்" என்றார் சாமி. "எனக்கு முதல்ல ஒரு உதவி பண்ணுங்க. நம்ம தேவகிக்கு வீடு வாங்கணும்."

தேவகி மடத்தில் சமைக்கிறவள். கணவன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். அரபு நாட்டில் இருக்கும் அவள் அண்ணன், தங்கைக்கு ஒரு வீடு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். ஏகாம்பரம் வரும் வெள்ளிக்கிழமைகளில் அவருக்கென்று மிளகு ரசம் எடுத்து வைப்பவள் அவள்தான்.

சாமி கூப்பிட்டதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"எந்த மாதிரி வீடு வேணும்னு சாருக்குச் சொல்லும்மா."

"பெருசா ஒண்ணும் வேணாம் சார். கட்டில் எல்லாம் வாங்க முடியாது. பசங்க ரெண்டும் தரையிலதான் படுக்கும். தரை ஈரமில்லாம இருந்தாப் போதும்."

சொல்லிவிட்டு, அடுப்பில் பருப்பு இருப்பதாக உள்ளே ஓடிவிட்டாள்.

"இவளை யார்கிட்ட அனுப்பலாம்?" என்றார் சாமி.

ஏகாம்பரத்தின் கை யோசிக்கவே இல்லை. மடங்கிய கார்டை எடுத்து நீட்டியது.

"இந்த அம்மாகிட்ட அனுப்புங்க சாமி. அவங்க கண்ணுல ஒண்ணும் தப்பாது. எவனும் ஏமாத்த முடியாது. பிளக் பாயிண்டைப் பாத்தே..."

அங்கே நின்றுவிட்டார்.

சாமி கார்டை வாங்கவில்லை. நாரை உரித்து ஒரு பக்கம் போட்டார், காயை ஒரு பக்கம் போட்டார்.

நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். சற்று முன் 'பொம்பளை' என்ற வாய்தான் இப்போது 'அம்மா' என்றது. தேவகியின் பிள்ளைகள் படுக்கும் தரை ஒன்று, முகம் தெரியாத வாத்தியாரின் கைக்குழந்தை படுக்கும் தரை ஒன்று என்று மனசுக்குள் பிரித்து வைத்திருந்தது தெரிந்ததும், அவருக்குத் தன்னையே பார்க்கக் கூச்சமாக இருந்தது. மடியில் இருந்த நோட்டை மெதுவாகப் பின்னால் தள்ளினார்.

"இந்த அம்மாவைத் தெருவே வேடிக்கை பாக்கக் கத்திட்டேன் சாமி" என்றார், தரையைப் பார்த்து. "தப்பே பண்ணலை அவங்க. தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு கேட்டாங்க. அதுக்குத்தான் கத்தினேன்."

சாமி தலையை மட்டும் ஆட்டினார்.

"இவங்ககிட்டக் குடுத்தா, வாங்க வர்றவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவாங்க. வீடு விக்காது. கஸ்தூரி வரமாட்டா."

"வீட்டம்மாவுக்கு மழைன்னா ஏன் பயம்?"

ஏகாம்பரம் கார்டின் மடங்கிய ஓரத்தை விரலால் நீவினார். உள்ளே தேவகி பருப்பு கடையும் சத்தம் கேட்டது.

"எந்த முகத்தோட அவங்க முன்னாடி போய் நிப்பேன் சாமி? போய் என்ன சொல்றது?" என்றார்.

சாமி மடியில் இருந்த நாரை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?"

ஏகாம்பரம் எழுந்து நின்றார். வலது கை மட்டும் மெல்ல மேலே வந்து, நெஞ்சுக்கு நேராக, உள்ளங்கை கீழே பார்க்க நின்றது.

"இதைப் போய்க் காட்டுங்க" என்றார் சாமி. "பேச வேண்டாம்."